ஓட மறுத்த எஞ்ஜின்

தர்மபுரிச் சீமையின் சரித்திரத்தை எழுத உட்கார்ந்தால், பேனா தானாகவே தகடூர் அதியமானிடம் போய் நிற்கும். அங்கிருந்து நகர்ந்தால் ஹைதர், திப்பு. அதற்குப் பிறகு 1792-இல் பாராமகாலை அளந்து வரி போட வந்த காப்டன் ரீட். அவருக்கு உதவியாக வந்து, தர்மபுரியில் தோட்டம் போட்டுக்கொண்டு வசித்த தாமஸ் மன்றோ. இவர்கள் எல்லாரும் பெரிய மனிதர்கள். இவர்களைப் பற்றி எழுதப் பெரிய சரித்திராசிரியர்கள் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது ஓர் எஞ்ஜினைப் பற்றி. அதிலும் ஓடுகிற எஞ்ஜினைப் பற்றி அல்ல. ஓட மறுக்கிற எஞ்ஜினைப் பற்றி.

இதில் என்ன சரித்திரம் இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் வரையில் ஒரு யந்திரத்தை யாரும் நினைப்பதில்லை. நின்று போன அன்றைக்குத்தான் வீட்டில் உள்ள அத்தனை பேரும் அதைச் சுற்றிக் கூடுகிறார்கள். எங்கே செய்தது, யார் விற்றது, இதன் வயிற்றைத் திறந்து பார்க்கத் தெரிந்தவன் எந்த ஊரில் இருக்கிறான் என்ற கேள்விகளெல்லாம் அன்றைக்குத்தான் எழுகின்றன. இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிப் போனால் நூற்றிருபது வருஷத்துக் கதை ஒன்று கிடைக்கிறது.

சேலத்திலிருந்து அரூருக்குப் போகும் சாலையில் மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டினால் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வந்துவிடுகிறோம். ஒரு புறம் சேர்வராயன் மலை; இன்னொரு புறம் சித்தேரி மலை. சேர்வராயன் மலையில் பிறந்து வருகிற வாணியாறு இந்தப் பிரதேசத்தைத் தொட்டுக்கொண்டு போய்ப் பெண்ணையாற்றில் கலக்கிறது. ஆறு என்று பேரே தவிர, வருஷத்தில் பல மாதங்கள் அதில் மணலைத்தான் பார்க்கலாம். பின்னாளில் வாணியாற்றுக்கு ஓர் அணை வந்தது. அந்த அணையின் வாய்க்கால் எட்டாத நிலங்களுக்குக் கிணறுதான் கதி. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்க அந்தக் காலத்தில் இருந்த சாதனம் கவலை. மற்றச் சீமைகளில் கமலை என்பார்கள். கவலை என்ற பெயர்தான் எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. விடிவதற்கு முன்னால் மாட்டைப் பூட்டி, சரிவில் இறக்கி, மறுபடியும் பின்னுக்கு ஏற்றி, உச்சி வெயில் வரும் வரையில் இதையே செய்துகொண்டிருந்தவனுக்கு அதைவிட நல்ல பெயர் எப்படித் தோன்றும்?

ஆனால் கவலைக்கு ஒரு குணம் உண்டு. அது நின்று போனால், ஏன் நின்றது என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். வடம் அறுந்திருக்கும், இல்லாவிட்டால் சாலின் தோல் கிழிந்திருக்கும், உருளை பிளந்திருக்கும், மாடு படுத்திருக்கும். வடம் திரிக்கிறவனும், தோல் தைக்கிறவனும், தச்சனும், கொல்லனும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். அவர்களுக்குக் களத்து மேட்டில் தானியமாகக் கூலி கிடைத்தது. அந்தக் கூலி போதுமானதா, அவர்களை ஊர் எப்படி நடத்தியது என்பது வேறு விஷயம். அதில் பெருமைப்பட அதிகம் இல்லை. நோயும் வைத்தியமும் ஒரே ஊரில் இருந்தன என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

எண்ணெய் எஞ்ஜின் வந்தபோது இந்த ஏற்பாடுதான் முதலில் உடைந்தது.

1890-இல் ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேயர் ஒரு புது மாதிரி எஞ்ஜினுக்கு உரிமை பெற்றார். இங்கிலாந்தில் கிராந்தம் என்ற ஊரில் இருந்த ஹார்ன்ஸ்பி கம்பெனியார் அதைச் செய்து விற்றார்கள். அந்த எஞ்ஜினின் தலையில் இரும்புக் குமிழ் ஒன்று இருக்கும். எஞ்ஜினைக் கிளப்ப வேண்டுமானால் முதலில் அந்தக் குமிழை ஊதுவிளக்கால் சில நிமிஷம் காய்ச்ச வேண்டும். நன்றாகச் சூடேறிய பிறகு பெரிய சக்கரத்தைப் பிடித்து ஒரு வீசு வீச வேண்டும். குமிழ் போதுமான அளவு காயவில்லை என்றால் எஞ்ஜின் சும்மா இருக்கும். அதன் பிறகு ஓட ஆரம்பித்துவிட்டால், தன் சூட்டிலேயே குமிழைக் காய வைத்துக்கொண்டு ஓடும்.

அதே காலத்தில் ஜெர்மனியில் ருடால்ஃப் டீசல் வேறு ஒரு வழியைத் தேடிக்கொண்டிருந்தார். சைக்கிளுக்குக் காற்று அடித்தவர்களுக்குப் பம்பின் அடிப்பக்கம் சுடுவது தெரியும். காற்றை நெருக்கினால் அது சூடாகிறது. பதினாறில் ஒரு பங்கு இடத்துக்குள் அதைச் சட்டென்று அடைத்துவிட்டால் சூடு 500 டிகிரிக்கு மேல் போய்விடும். அந்தச் சமயத்தில் எண்ணெயை மூடுபனி போலத் தெளித்தால் விளக்கும் வேண்டாம், திரியும் வேண்டாம். எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் டீசலின் எஞ்ஜின் திருப்தியாக ஓடிக் காட்டியது. 1913-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அவர் இரவோடு இரவாகக் காணாமற் போனார். அது ஒரு நாவலுக்குரிய விஷயம், இங்கே வேண்டாம்.

இந்த எண்ணெய் எஞ்ஜினைச் சென்னை ராஜதானியின் கிணற்று மேட்டுக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர் ஆல்பிரட் சாட்டர்ட்டன். சென்னை எஞ்ஜினீயரிங் கல்லூரிக்கு ஆசிரியராக வந்த வெள்ளைக்காரர். அலுமினியப் பாத்திரத் தொழிலைச் சென்னையில் ஆரம்பித்து வைத்தவரும் அவரே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் அவர் எண்ணெய் எஞ்ஜினையும் பம்பையும் பூட்டித் தண்ணீர் இறைக்கும் சோதனைகளை நடத்தினார். குடியானவர்களுக்கு எஞ்ஜின் வாங்க அரசாங்கக் கடனும் கிடைத்தது.

சாட்டர்ட்டனின் ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. தண்ணீர் இறைப்பதையும், பூமியில் துளை போட்டு ஊற்றுத் தேடுவதையும் சேர்த்து ஒரே வேலையாக அரசாங்கத்தில் வைத்துக்கொண்டார்கள். காரணம் எளிது. எஞ்ஜின் ஒரு மணி நேரத்தில் இழுக்கிற தண்ணீரைக் கிணறு ஒரு மணி நேரத்தில் ஊற வேண்டும். ஊறாத கிணற்றில் எஞ்ஜின் வைப்பது கடனில் விழுவதற்கு ஒரு குறுக்கு வழி. ஆகையால் யந்திரத்தைப் பற்றிப் பேசும்போதே கிணற்றைப் பற்றியும் பேசியாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். பின்னால் தேவைப்படும்.

அரசாங்கம் இப்படித் தொழில் முயற்சியில் இறங்குவது 1910-இல் லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த லார்டு மார்லிக்குப் பிடிக்கவில்லை. சர்க்கார் பணத்தில் தொழில் நடத்துவது தனிப்பட்ட முதலாளிகளுக்குப் போட்டி ஆகும் என்று அவர் கருதினார். சாட்டர்ட்டன் சில காலத்துக்குப் பிறகு மைசூர் சமஸ்தானத்தின் தொழில் துறைக்குப் போய்விட்டார். ஆனால் எஞ்ஜின் போகவில்லை. ருசி கண்ட குடியானவன் அதை விடவும் இல்லை.

1930-ஐ ஒட்டி இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரிலிருந்து லிஸ்டர் கம்பெனியாரின் டீசல் எஞ்ஜின் வந்தது. ஒரே சிலிண்டர், இரண்டு பெரிய சக்கரங்கள், நிமிஷத்துக்கு அறுநூறு சுற்றுக்குச் சற்று மேலே கீழே. ஊதுவிளக்கு வேண்டாம். குளிர்ந்த நிலையிலேயே கிளம்பும் என்பதுதான் அதன் விளம்பரம். கைப்பிடியைப் போட்டுச் சுற்ற வேண்டும். சுற்றும்போது ஒரு நெம்புகோலைத் தூக்கி வைத்தால் காற்று நெருங்காமல் வெளியே போய்விடும், சக்கரம் இலேசாகச் சுற்றும். வேகம் பிடித்ததும் நெம்புகோலைத் தட்டிவிட்டால் காற்று நெருங்கிச் சூடாகும். எஞ்ஜின் 'டுக்' என்று ஒரு தரம் இருமிவிட்டு ஓட ஆரம்பிக்கும். இந்த அமைப்பு இந்தியாவுக்கு எவ்வளவு ஒத்துப் போயிற்று என்றால், பிற்காலத்தில் குஜராத்தில் ராஜ்கோட் பட்டறைக்காரர்கள் இதே உருவத்தை வார்த்து வார்த்து விற்றார்கள். 1946-இல் புனாவில் கிர்லோஸ்கர் எண்ணெய் எஞ்ஜின் கம்பெனி தொடங்கியது. கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. தொழிற்கூடமும் மற்றப் பட்டறைகளும் பம்புகளைச் செய்தன. யுத்த காலத்துப் பஞ்சமும், 1943-ஐ ஒட்டி எழுந்த உணவு உற்பத்திப் பெருக்க இயக்கமும் எஞ்ஜினுக்கு இருந்த கிராக்கியை அதிகமாக்கின.

யந்திரம் வந்துவிட்டது, அதன் வைத்தியன் வரவில்லை. கவலை நின்றால் கண்ணால் பார்க்கலாம் என்றேன். எஞ்ஜின் நின்றால் வெளியே ஒன்றும் தெரியாது. நேற்று ஓடிய அதே இரும்பு இன்றைக்கும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை கழன்று போகும். சிலர் தேங்காய் உடைத்தார்கள். சிலர் டவுனுக்கு ஆள் அனுப்பினார்கள். டவுனிலிருந்து மெக்கானிக் வருவதற்குள் நாற்று மடிந்தது.

இந்த இடைவெளியில்தான் கிராமத்து மேஸ்திரி தோன்றினார். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் யந்திர சாஸ்திரம் படித்தவர் அல்ல. பஸ் கம்பெனியில் கிளீனராக இருந்தவர், அரிசி மில்லில் எண்ணெய் போட்டவர், கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதியவர் – இப்படிப்பட்டவர்கள். டர்ஸ்லியிலும் புனாவிலும் இங்கிலீஷில் அச்சடித்த புத்தகம் எஞ்ஜினோடு வந்தது. அதைப் படிக்கத் தெரியாமலே, அதில் இருந்த விஷயத்தை இவர்கள் காதாலும் மூக்காலும் விரல் நுனியாலும் கற்றார்கள். தமிழ்நாட்டுப் பாசன சரித்திரத்தில் சாட்டர்ட்டனுக்கு ஒரு பக்கம் கொடுத்தால் இவர்களுக்குப் பத்துப் பக்கம் கொடுக்க வேண்டும். பெயர் தெரியாத காரணத்தால் ஒரு பக்கமும் கொடுப்பதில்லை.

1932-இல் பைக்காரா மின்சாரம் உற்பத்தியானது. சுதந்திரத்துக்குப் பிறகு கம்பி கிராமம் கிராமமாகப் போயிற்று. பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடும் என்கிற காலத்தில் கைப்பிடியை யார் சுற்றுவார்கள்? எஞ்ஜின் கொட்டகை மூலைக்குப் போயிற்று. எந்த யந்திரத்துக்கும் ஓடுவதைவிடச் சும்மா இருப்பதுதான் பெரிய வியாதி. கனடா தேசத்தில் 1925-இல் ஆர்தர் சிகார்ட் என்பவர் சாலையில் குவிந்த பனியை அள்ளி ஒரு பக்கமாக வீசி எறியும் யந்திரத்தைச் செய்தார். அந்த வம்சத்தில் பிறந்த சிறு யந்திரங்கள் குளிர் நாடுகளில் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. வருஷத்தில் எட்டு மாதம் அவை கொட்டகையில் தூங்கும். முதல் பனி கொட்டிய காலையில், வேலைக்குப் போகிற அவசரத்தில், கயிற்றை இழுத்தால் அசையாது. தேங்கிய எண்ணெய் பிசினாகி நுண்ணிய துவாரத்தை அடைத்திருக்கும். நம் ஊரில் பனி இல்லை, மின்வெட்டு உண்டு. வித்தியாசம் அவ்வளவுதான்.

2012-இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் இருந்தது பலருக்கும் மறந்திருக்காது. மழையும் அந்த வருஷம் கை விட்டது. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் என் சிநேகிதர் ஒருவரின் பெரியப்பா இரண்டு ஏக்கர் மஞ்சள் போட்டிருந்தார். வீட்டு மருமகளின் வளையல் பாங்கியில் இருந்தது. மஞ்சளுக்குத் தண்ணீர் பாய்ந்து பதினோரு நாள். கொட்டகை மூலையில் ஆறு வருஷமாக ஓடாத எஞ்ஜின் ஒன்று இருந்தது. பெயர்த் தகடு எப்போதோ விழுந்துவிட்டதால் அது சீமைச் சரக்கா உள்ளூர்ச் சரக்கா என்று எனக்குத் தெரியவில்லை. நான் போயிருந்த அன்று காலையில்தான் மேஸ்திரி வந்தார். எழுபது வயது இருக்கும்.

"பெரியவரே, எத்தினி தடவை சுத்தினீங்க?" என்று கேட்டார்.

"நேத்திலிருந்து பசங்க மாத்தி மாத்திச் சுத்தறாங்கப்பா."

"சுத்தினது போதும். இனிமே பாக்கலாம்" என்று சொல்லி உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எண்ணெய் வரணும், காத்து வரணும், சூடு வரணும் சார். இந்த மூணுல ஒண்ணு இல்லாமத்தான் நின்னிருக்கும். நாலாவதா ஒண்ணு கிடையாது" என்றார். எந்தத் தர்க்க சாஸ்திரப் புத்தகத்திலும் இதைவிடச் சுருக்கமான முதல் அத்தியாயத்தை நான் பார்த்ததில்லை.

முதலில் எண்ணெய். தொட்டியின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிச் சீசாவில் பிடித்தார். அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர் தனியாக நின்றது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புது டீசல் ஊற்றினார். குழாயில் காற்று அடைத்துக்கொண்டிருந்தால் எண்ணெய் போகாது. ஆகையால் வழியில் உள்ள மரைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, குமிழி நின்று சுத்த எண்ணெய் கசியும் வரையில் காத்திருந்து இறுக்கினார். பையனைக் கைப்பிடியை மெதுவாகச் சுற்றச் சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். எண்ணெய் சரியாகத் தெளித்தால் நாசிலில் 'கிரீச்' என்று ஒரு சின்னச் சத்தம் வருமாம். வரவில்லை. நாசிலைக் கழற்றி வெளியே வைத்து எண்ணெய் அடித்துப் பார்த்தார். மூடுபனி போல வர வேண்டியது மூக்கு ஒழுகுவது போலச் சொட்டியது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மெல்லிய பித்தளைக் கம்பியால் துவாரத்தில் இருந்த கரியை எடுத்தார்.

இப்போது 'கிரீச்' கேட்டது. புகைக் குழாயில் வெள்ளைப் புகையும் வந்தது. ஆனால் எஞ்ஜின் ஓடவில்லை. சுற்றியிருந்தவர்களின் முகம் தொங்கிப் போயிற்று. மேஸ்திரிக்கு மட்டும் சந்தோஷம். "எண்ணெய் போகுது, பத்தல. வெள்ளைப் புகை அதைத்தான் சொல்லுது. இனிமே எண்ணெயைத் தொட வேண்டியதில்ல" என்றார். ஒரு கேள்வி தீர்ந்தது என்பதே அவருக்கு லாபம். அடுத்து, நெம்புகோலைப் போட்டுவிட்டுச் சக்கரத்தைத் தள்ளினார். காற்று நெருங்கினால் சக்கரம் எதிர்த்துப் பின்னுக்கு உதைக்க வேண்டும். இங்கே பெருமூச்சு விட்டதுபோல் 'புஸ்' என்று தாண்டிப் போயிற்று. காற்று உள்ளே வரும் குழாயில் காதை வைத்தார். சத்தம் அங்கேதான். ஆறு வருஷம் திறந்தபடியே நின்ற வால்வு, துருப்பிடித்துத் தன் இருக்கையில் சரியாகப் பொருந்தாமல் போயிருந்தது. தலையைக் கழற்றி, எமரிப் பசையைத் தடவி, வால்வைத் தயிர் கடைவது போல இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டி உருட்டித் தேய்த்தார். இதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. யாரையும் அவசரப்படுத்த விடவில்லை.

சாயங்காலம் நாலரை மணிக்குப் பையன் கைப்பிடியைச் சுற்றினான். வேகம் வந்ததும் நெம்புகோலைத் தட்டினார். கறுப்பாக ஒரு வளையம் புகை மேலே போயிற்று, எஞ்ஜின் ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்துக் காட்டுக்காரர்கள்கூட வந்துவிட்டார்கள்.

ஆனால் பம்பில் தண்ணீர் வரவில்லை. பம்புக்குள் தண்ணீர் ஊற்றிக் காற்றை எடுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு கிணற்றில் இறங்கிப் பார்த்த பையன் சொன்னான்: குழாயின் நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு ஆள் உயரம். அந்தத் தண்ணீரும் முழங்கால் அளவு. மூன்றுக்கு மேல் நாலாவது ஒன்று இருந்திருக்கிறது. மேஸ்திரி எஞ்ஜினை நிறுத்திவிட்டுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "இது என் வேலையில்ல பெரியவரே" என்றார். கூலியில் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார். பக்கத்துக் காட்டிலிருந்து தண்ணீரை விலைக்கு வாங்கிப் பாதி மஞ்சளைக் காப்பாற்றினார்கள். மறு வருஷம் அந்த நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். எஞ்ஜின் பழைய இரும்புக்குப் போயிற்று.

இந்த நாலாவது விஷயத்தின் சரித்திரத்தைச் சொல்லாவிட்டால் எஞ்ஜினின் சரித்திரம் முடிவு பெறாது. மேலே இருந்து உறிஞ்சுகிற பம்புக்கு இயற்கை ஒரு வரம்பு கட்டியிருக்கிறது. காற்று மண்டலத்தின் அழுத்தம் தண்ணீரை 34 அடிக்கு மேல் தூக்காது. நடைமுறையில் 25 அடிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. தண்ணீர் இறங்க இறங்கப் பம்பும் கிணற்றுக்குள் இறங்கியது. சில இடங்களில் எஞ்ஜினையே கிணற்றுப் படியில் இறக்கி வைத்தார்கள். அதன் புகை வெளியேறாமல் தேங்கி, உள்ளே இறங்கியவர்கள் மூச்சு முட்டி மாண்டதும் உண்டு. பிறகு கிணற்றையே ஆழப்படுத்தினார்கள். பிறகு கிணற்றை விட்டுவிட்டுப் பாறையில் துளை போட்டார்கள். முந்நூறு அடி, அறுநூறு அடி, இப்போது ஆயிரம் அடி. 1990-ஐ ஒட்டிப் பாசனத்துக்கு மின்சாரம் இலவசம் ஆயிற்று. ஏழைக் குடியானவனுக்கு அது பெரிய உதவி என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் எவ்வளவு இழுத்தோம் என்று கணக்குப் பார்க்க வேண்டிய அவசியமும் அதோடு போய்விட்டது. எஞ்ஜினுக்கு டீசல் ஊற்றியவன் ஒவ்வொரு லிட்டருக்கும் காசு எண்ணினான்; வயல் நனைந்ததும் நிறுத்தினான்.

தர்மபுரி ஜில்லாவில் பல இடங்களில் ஆழத்திலிருந்து வந்த தண்ணீரில் ஃபுளோரைடு உப்பும் சேர்ந்து வந்தது. குழந்தைகளின் பல் கறை படிந்தது. பெரியவர்களின் எலும்பு வளைந்தது. அதற்காக ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டம் 2013-இல் நிறைவேறியது. குடிக்கத் தண்ணீர் கிடைத்தது. வயலுக்கு இன்னும் துளைதான்.

அந்தத் துளைக்குள் ஓடுகிற மோட்டார் மூடி முத்திரை போட்ட உருளை. அது நின்று போனால் மேட்டில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்க ஒன்றும் இல்லை. முக்காலி நட்டு, சங்கிலி போட்டு, குழாய் குழாயாகக் கழற்றி மேலே இழுத்து, டவுனுக்கு அனுப்பிச் சுருளைச் சுற்றி வாங்க வேண்டும். காரணத்தை டவுன்காரர் சொல்வார். நாம் நம்பிக்கொள்ள வேண்டும். சாட்டர்ட்டன் காலத்தில் ஊரை விட்டுப் போன வைத்தியம், மேஸ்திரிகள் காலத்தில் ஊருக்குத் திரும்பி வந்து, மறுபடியும் ஊரை விட்டுப் போய்விட்டது.

பழைய எஞ்ஜினே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. கவலை ஓட்டியவனையும் கைப்பிடி சுற்றியவனையும் கேட்டால் மோட்டாரைத்தான் வாழ்த்துவார்கள். அவர்கள் தோள்வலி அவர்களுக்குத் தெரியும். நான் சொல்ல நினைப்பது, ஒழுங்காகக் கேள்வி கேட்கும் அந்தப் பழக்கத்தைப் பற்றி. எண்ணெயா, காற்றா, சூடா என்று ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டு, தீர்ந்த கேள்வியைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகிற பொறுமை இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான கிராமத்து மேஸ்திரிகளிடம் இருந்தது. அவர்களுக்கும் முன்னாலே, இறைப்பதையும் ஊறுவதையும் ஒரே வேலையாக நினைத்த ஒரு காலம் இருந்தது. யந்திரம் வாங்குமுன் கிணற்றைக் கேட்கும் அந்தக் கேள்வியை நடுவில் எங்கேயோ விட்டுவிட்டோம். அதை முதல் கேள்வியாக மறுபடியும் வைத்துக்கொண்டால், இன்னும் ஆயிரம் அடி தோண்டுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்போம்.